இராகத் தலைவனின் பாடு

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணி ஆராதனைக்கு ஏழரைக்கே கோயிலில் இருப்பவன் யார்? பக்தி முற்றியவன் என்று நினைத்தால் தப்பு. மைக் டெஸ்ட் பண்ணுகிறவன்.

"ஹலோ... செக்... ஒன், டூ, த்ரீ..." என்று காலி பெஞ்சுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு வயசு 20. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபை. மாதத்தில் ஒரு ஞாயிறு வாலிபர் ஆராதனை. அன்றைக்கு மட்டும் பாட்டு நடத்துவது அவன் பொறுப்பு. கூட்டாளிகள் 'ஒர்ஷிப் லீடர்' என்பார்கள். சபையில் பெரியவர்கள் "பாட்டு எடுத்துக் குடுக்கிற பையன்" என்பார்கள். முதல் பெயர்தான் அவனுக்குப் பிடிக்கும். ஆனால் ரெண்டாவதுதான் சரியான பெயர். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

சர்ச் பக்கமே போகாத நண்பர்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. தமிழ்ச் சபையில் பாட்டு மூன்று வகை. ஒன்று, பாமாலை. பெரும்பாலும் ஜெர்மன், இங்கிலீஷ் ஞானப்பாட்டுகளின் தமிழாக்கம், மெட்டும் அங்கிருந்து வந்ததே. பாட்டுக்கு மேலே 8.7.8.7 என்று ஏதோ ஃபோன் நம்பர் மாதிரி அசைக்கணக்கு போட்டிருக்கும். ரெண்டாவது, கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் உண்டு. மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும். மூன்றாவது, கோரஸ் என்று பெரியவர்கள் சொல்லும் இந்தக் காலத்துப் பாட்டு. அதற்கு மேலே ஒன்றும் இருக்காது. யூடியூப் லிங்க் இருக்கும்.

மூன்றுக்கும் ஒரே கூரைக்குள் மூன்று கட்சிகள் உண்டு. பாட்டு நடத்துகிறவன் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் மற்ற ரெண்டு கட்சியும் ஆராதனை முடிந்து வாசலில் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் எல்லோரும் பெரிய கஷ்டம் என்று சொல்வார்கள். உண்மையில் அது சின்னக் கஷ்டம்தான். லிஸ்டில் ஒன்று, ஒன்று, ரெண்டு என்று பங்கு போட்டுவிட்டால் தீர்ந்தது. பெரிய கஷ்டம் எது என்று அந்தப் பையனுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ரெண்டு பேரிடமிருந்து தெரியவந்தது.

அன்றைக்கு எல்லாமே நன்றாகப் போயிருந்தது. மூன்று வாரமாக வாட்ஸப்பில் லிஸ்ட் போட்டு, சனிக்கிழமை ராத்திரி பிராக்டீஸ் பண்ணி, டிரம்ஸ், கீபோர்டு, கிட்டார், பேஸ் எல்லாம் கச்சிதம். கடைசிப் பாட்டில் அவன் உச்சத்துக்குப் போய் இறங்கியபோது வாலிபர் பெஞ்சிலிருந்து விசில் வராத குறை. ஆராதனை முடிந்து வெளியே வந்தான். மூன்றாவது வரிசைப் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சபையில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலேயே பாடக்கூடிய சில பேரில் ஒருத்தி.

"எய்யா, இன்னைக்கு ரொம்ப நல்லாப் படிச்சே. நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தோம்."

(அந்தப் பக்கத்தில் பாட்டைப் 'படிப்பது' என்றுதான் சொல்வார்கள்.)

பாட்டி பாராட்டாகத்தான் சொன்னாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. பையனும் சிரித்துக்கொண்டே "தேங்க்ஸ் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான். பாதி வழியில்தான் உறைத்தது. கேட்டுக்கிட்டே இருந்தோமா?

கச்சேரி செய்கிறவனுக்கு அது பாராட்டு. பாட்டு எடுத்துக் கொடுக்கிறவனுக்கு அது ஃபெயில் மார்க். எடுத்துக் கொடுப்பது என்றால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். முந்நூறு பேர் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடியிருக்கிறான். கண் மூடியிருந்ததால் வாய் மூடியிருந்தது தெரியவில்லை.

ஏன் பாடவில்லை? பக்தி குறைவு என்று மேடையில் நிற்பவர்கள் சட்டென்று தீர்ப்பு சொல்லிவிடுவது வழக்கம். காரணம் பெரும்பாலும் தொண்டையில்தான் இருக்கிறது. யூடியூப்பில் இருக்கும் பாட்டு அதைப் பாடியவரின் குரலுக்காக அமைத்த சுருதியில் இருக்கும். தினம் சாதகம் செய்கிற குரல் அது. பையன் அதே சுருதியில் படித்து, அதே சுருதியில் சபைக்கும் கொடுத்தான். அவனுக்கு எட்டியது. சாதாரண ஆட்களுக்குச் சுமாராகக் கீழே 'ஏ'-யில் தொடங்கி மேலே 'டி' வரைதான் சௌகரியம். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே, பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே, அளவு அதேதான். பாட்டு 'எஃப்', 'ஜி' என்று ஏறினால் முதலில் ஆண்கள் நழுவுவார்கள். சிலர் கீழ் ஸ்தாயிக்குத் தாவிப் பார்ப்பார்கள், அங்கே குரலே வராது, புத்தகத்தைப் பார்த்து உதட்டை அசைப்பார்கள். வயதான பெண்களுக்குக் குரல் கனத்து இறங்கிவிடும். இருபது வயதில் எட்டியது எழுபதில் எட்டாது. பாட்டி வாயை மூடிக்கொண்டதில் ஆவிக்குரிய பிரச்சினை ஒன்றும் இல்லை. எட்டவில்லை, அவ்வளவுதான்.

சரி, இறக்கிப் பாட வேண்டியதுதானே? கீபோர்டுக்காரனுக்குப் பிரச்சினை இல்லை. அவனுக்குத் தெரிந்தது சி ஸ்கேல் ஒன்றுதான், மீதியெல்லாம் ட்ரான்ஸ்போஸ் பட்டன் பார்த்துக்கொள்ளும். கிட்டார்காரன்தான் முறைப்பான். கேப்போ போட்டால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. எல்லாவற்றுக்கும் மேலே, இறக்கிப் பாடினால் பாடுகிறவன் குரல் எடுபடாது. இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் சுருதி இறங்காமல் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம் :-)

கீர்த்தனையில் வேறு மாதிரிச் சிக்கல். ராகம் சங்கராபரணம் என்றால் பிழைத்தோம், அது மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போகும். ஆனந்தபைரவியைக் கொண்டுவந்து மூன்று கார்டுக்குள் அடக்கப் பார்த்தால், பாட்டி தன் அம்மாவிடம் கேட்டபடி ஸ்வரத்தை வளைத்து இழுப்பாள், கீபோர்டு வளையாமல் நிற்கும். ரெண்டும் அரை ஸ்வரம் தள்ளி நின்று முறைத்துக்கொள்ளும். கையில் மைக் இருப்பதால் கீபோர்டுதான் ஜெயிக்கும். பாட்டி அடங்கிவிடுவாள்.

மைக்கும் ஒரு வில்லன். மனுஷன் கூட்டத்தில் பாட வேண்டுமென்றால் தன் குரல் தனக்கும், பக்கத்தில் இருப்பவர் குரல் கொஞ்சமும் காதில் விழ வேண்டும். ரெண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கரை வைத்து அலற விட்டால் தான் பாடுகிறோமா இல்லையா என்று தனக்கே தெரியாது. அப்புறம் எதற்குப் பாடுவானேன் என்று விட்டுவிடுவார்கள். சத்தத்தைக் கூட்டினால் சபை பாடும் என்று நினைப்பது தலைகீழ்.

இன்னொன்று வேகம். இதில் கொஞ்சம் பிசிக்ஸ் இருக்கிறது, வகுப்புத் தோழர்கள் கவனிக்கவும். சத்தம் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். கோயில் 34 மீட்டர் நீளம் என்றால் முன்னால் பாடியது கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர பத்தில் ஒரு வினாடி. அவர்கள் கேட்டுப் பாடியது திரும்ப முன்னால் வர இன்னொரு பத்தில் ஒரு வினாடி. நிமிஷத்துக்கு 120 தாளம் போகும் பாட்டில் ஒரு தாளம் அரை வினாடி. ஆக, பின்னாலிருந்து வரும் குரல் அரைத் தாளத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிந்திக் கேட்கும். 'ஐயோ, பின்னாடி இருக்கவங்க பிந்துறாங்களே' என்று பாட்டு நடத்துகிறவன் இரக்கப்பட்டு நின்று கொடுத்தால், அவர்கள் இன்னும் நின்று பாடுவார்கள். நாலாவது சரணத்தில் பாட்டு மாட்டுவண்டி ஆகிவிடும். அதற்குப் பயந்து வேகமாக அடித்தால் மூச்சு வாங்க முடியாமல் பாதிச் சபை இறங்கிக்கொள்ளும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அது கோயிலுக்குக் கோயில் மாறும், எந்த யூடியூப்பிலும் கிடைக்காது.

இந்தப் பாடு ஒன்றும் புதுசு இல்லை. 1706 பிப்ரவரியில் ஜெர்மனியில் ஆர்ன்ஷ்டாட் என்ற சின்ன ஊரில் சபை நிர்வாகம் தங்கள் ஆர்கன் வாசிக்கும் பையனைக் கூப்பிட்டு விசாரித்தது. குற்றப்பட்டியல் நீளம். நாலு வாரம் லீவு கேட்டுவிட்டு அதைப் போல நாலு மடங்கு நாள் காணாமல் போனது ஒன்று. ஞானப்பாட்டுக்கு வாசிக்கும்போது விநோதமான சங்கதிகளையும் சம்பந்தமில்லாத ஸ்வரங்களையும் கலந்து சபையைக் குழப்பியது இன்னொன்று. அப்புறம், முன்பு ரொம்ப நீளமாக வாசித்துக்கொண்டிருந்தவன், மேலதிகாரி சொன்னதும் உடனே மறுகோடிக்குப் போய் ரொம்பக் குட்டையாக வாசிக்கிறான் என்றும் ஒரு குறை. அந்தப் பையனுக்கும் வயசு 20. பெயர் யோகான் செபாஸ்டியன் பாக்.

அதே 1706 ஜூலையில் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் வழியாகத்தான் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் ஜெர்மன் மெட்டோடு தமிழுக்கு வரத் தொடங்கின. பாக் மேல் புகார் சொன்ன சபையார் பாடியது எந்த வகைப் பாட்டோ, அதே வகைப் பாட்டு. நம்ம ஊர் ராகத்தில் கிறிஸ்தவப் பாட்டு என்றால் எல்லோருக்கும் நினைவு வருபவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864), சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். 1820களில் தஞ்சாவூர்ச் சபையில் புது மிஷனரிகள் கொண்டுவந்த மாற்றங்களை எதிர்த்து அவர் எழுதினார். தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுக்கிறார்கள் என்பது அவர் சொன்ன குறைகளில் ஒன்று. அதுவரை வாசித்தால் கைதட்டத் தோன்றும். ஆனால் சபையில் சாதி வித்தியாசத்தை விடச் சொல்வதும் அதே குறைப் பட்டியலில் இருக்கிறது. பாட்டில் அவர் பக்கம் நிற்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கோயிலில் யார் பாட்டு பாடப்படும் என்ற சண்டைக்குள் யார் எங்கே உட்காருவது என்ற சண்டை எப்போதும் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது.

சரி, பையனிடம் திரும்புவோம். பாட்டி சொன்னதை அவன் வீடு வந்து சேர்வதற்குள் ஓரளவு ஜீரணித்துவிட்டான். மத்தியானச் சாப்பாட்டில்தான் ரெண்டாவது அடி விழுந்தது.

ஆராதனைக்கு நடுவில், ரெண்டாவது பாட்டுக்கு முன்னால், சபை உற்சாகமில்லாமல் நிற்பதைப் பார்த்து அவன் மைக்கில் பேசியிருந்தான். எல்லா ஒர்ஷிப் லீடரும் பேசுவதுதான். "என்ன, காலைல யாரும் சாப்பிடலையா? ஒருத்தர் முகத்துலயும் சந்தோஷத்தையே காணோமே! எங்க, பக்கத்துல இருக்கவங்களப் பாத்து ஒரு சிரிப்பு சிரிங்க பாப்போம்!" சபை சிரித்தது. பாட்டு தொடங்கியது. அவன் அதை மறந்தும் போனான்.

சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள். "முன்னாடி ரெண்டாவது வரிசைல இருந்தாரே, அந்த மாமாவப் பாத்தியா?"

"பாத்தேன். ஏன்?"

"வியாழக்கிழமைதாம்டே அத்தைய அடக்கம் பண்ணுனாவ. இன்னைக்குத்தான் குடும்பத்தோட கோயிலுக்கு வந்திருந்தாவ. நீ சிரிக்கச் சொன்னதும் அவரும் பக்கத்துல இருந்தவரப் பாத்துச் சிரிச்சாரு."

துக்க வீட்டுக்காரர்கள் அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு குடும்பமாகக் கோயிலுக்கு வருவது வழக்கம். முன்வரிசைகளில் ஒன்றாக உட்காருவார்கள். ஐயர் அவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பார். பையன் ஹாஸ்டலிலிருந்து வந்ததே சனிக்கிழமை ராத்திரி. நேரே பிராக்டீஸுக்குப் போனவனுக்கு ஊரில் நடந்தது தெரியாது. அவன் வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் அந்த மனுஷர் சொன்னபடி செய்தாரே, அதுதான் தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருக்கலாம். எழுந்து வெளியே போயிருக்கலாம். கோயிலில் மைக் பிடித்தவன் சொன்னால் செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு, சிரித்துவிட்டது.

சுருதியையாவது பட்டனை அழுத்தி இறக்கிவிடலாம்.

அன்று ராத்திரி அவன் ஃபோனில் இருந்த பாட்டு லிஸ்டை எடுத்துப் பார்த்தான். முப்பதுக்கு மேல் பாட்டு. எல்லாமே வெற்றி, எல்லாமே நன்றி, எல்லாமே நடனம். அந்த மாமா நின்று பாடக்கூடிய பாட்டு அதில் ஒன்றுகூட இல்லை. சபைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நல்ல வாரம் ஒன்றை முடித்துவிட்டுத்தான் வருவார்கள் என்று எண்ணிச் செய்த லிஸ்ட் அது.

வேதாகமத்தில் இருக்கும் பாட்டுப் புத்தகம் அப்படி இல்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகை என்று கணக்குச் சொல்வார்கள். தமிழ் பைபிளில் 55 சங்கீதங்களின் தலைப்பில் 'இராகத்தலைவன்' என்று ஒருவர் வருவார். பாட்டை யாரிடம் ஒப்படைப்பது என்ற குறிப்பு அது. ஒர்ஷிப் லீடருக்குத் தமிழில் இதைவிட அழகான பெயர் கிடையாது. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. மற்ற புலம்பல்களில் கடைசியில் வருகிற ஆறுதல்கூட அதில் வராது. அதன் தலைப்பிலும் இராகத்தலைவன் இருக்கிறார். சபை பாட வேண்டிய பாட்டு என்று யாரோ அதையும் அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று காலை சுனாமி வந்து தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். வேளாங்கண்ணி, குளச்சல் என்று கிறிஸ்தவர்கள் நிறைந்த கடற்கரை ஊர்களும் அதில் உண்டு. அடுத்த ஐந்தாம் நாள் டிசம்பர் 31. தமிழ்ச் சபைகளில் அந்த இரவு ஆராதனைதான் வருஷத்திலேயே பெரிய நன்றிப் பாட்டு இரவு. வருஷமெல்லாம் காத்துவந்ததற்காக நன்றி சொல்லிப் பாடுவார்கள். கடற்கரை ஊரில் அந்த இரவுக்குப் பாட்டு லிஸ்ட் எழுத உட்கார்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். நன்றிப் பாட்டை எழுதினால் வீடு இழந்தவர் முகத்தைப் பார்க்க முடியாது. எழுதாவிட்டால், உயிர் தப்பியவர்கள் நன்றி சொல்லத்தானே வந்திருக்கிறார்கள். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள்.

இப்படி யோசித்துக்கொண்டே போனால் ஒரு ஆபத்தும் உண்டு. துக்கம் தெரிந்துவிட்டது என்று ஒவ்வொரு வாரமும் சபையை அழவைக்கத் தொடங்குவது. விளக்கைக் குறைத்து, கீபோர்டில் ஒரே கார்டை இழுத்துப் பிடித்து, கடைசி வரியைப் பன்னிரண்டு தடவை திருப்பிப் பாடினால் கல்லும் கரையும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கண்ணீர் பாட்டுக்கு வந்ததா, பாட்டுக்குள் இருக்கிற விஷயத்துக்கு வந்ததா என்று நடத்துகிறவனுக்கே தெரியாது. சிரிக்கச் சொன்னால் சிரிக்கிற சபை அழச் சொன்னாலும் அழும்.

அடுத்த மாத வாலிபர் ஆராதனைக்குப் பையன் வியாழக்கிழமையே கோயில்பிள்ளைக்கு ஃபோன் போட்டான். ஊரில் யாருக்கு என்ன ஆனது என்று கோயில்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது, மணி அடிக்கிறவர் அவர்தானே. கேட்டுக்கொண்டு லிஸ்டில் ரெண்டு பாட்டை எடுத்தான். சங்கராபரணத்தில் ஒரு பழைய கெஞ்சல் கீர்த்தனையைச் சேர்த்தான். எல்லாப் பாட்டையும் ரெண்டு ஸ்வரம் இறக்கினான். கிட்டார்காரன் எதிர்பார்த்தபடியே முறைத்தான். ஒன்றும் பேசக் கூடாது என்று முடிவு பண்ணி, பாட்டு நம்பரை மட்டும் ரெண்டு தடவை சொன்னான்.

முதல் பாட்டு ஒட்டவில்லை. ரெண்டாவது பரவாயில்லை. கீர்த்தனையில் பல்லவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டாம் சரணத்தில் டிரம்ஸை நிறுத்தச் சொல்லிக் கண் காட்டினான். மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தான். ஒரு வினாடி ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. பிறகு இடது பக்கம் பின்னாலிருந்து ஆண்கள் குரல் கனமாக வந்தது. அதற்கு மேலே மூன்றாவது வரிசையிலிருந்து பாட்டியின் குரல். கீபோர்டு நேராகப் போன இடத்தில் அவள் தன் இஷ்டத்துக்கு ஒரு வளைவு வைத்தாள். கீபோர்டுக்காரன் கையை எடுத்துவிட்டான். இந்தத் தடவை பையன் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். ரெண்டாவது வரிசை மாமா பாடவில்லை. புத்தகத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பாடி முடிக்கிறவரை நின்றார்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி மெம்பர் ஒருவர் வந்து, "என்ன தம்பி, இன்னைக்கு மைக் கோளாறா? உன் சத்தமே கேக்கலையே" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பாட்டி வாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"எய்யா, பாட்டெல்லாம் நல்ல பாட்டுதான். ஆனா என்னத்துக்கு இப்படி இழுக்க? எனக்கு உறக்கமே வந்துட்டு. அடுத்த மாசம் கொஞ்சம் வெரசாப் படிங்க."